கடைசி இருபது கெஜம்

செங்கரை ஊரில் ஒரு குரு இருந்தார். குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு ஐம்பத்தொன்று. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆலமரத்தடியில் இளைய குருவும் கிழட்டுச் சீடர்களும் உட்கார்ந்திருந்த கதை நமக்குப் பழக்கமானதுதான்.

குருவின் பெயர் மங்கையர்க்கரசி. ஊர் அவரை மங்கை கோச் என்று கூப்பிட்டது. வெளிநாட்டில் படிக்கப் போன இடத்தில் முட்டை வடிவப் பந்தை வைத்து ஆடும் அமெரிக்கக் கால்பந்தைக் கற்றுக்கொண்டு வந்தவர். பெயர்தான் கால்பந்து, காலுக்கு அதில் வேலை குறைவு. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிரியின் கடைசிக் கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டினாலும், தாண்டி நின்று சக ஆள் எறிந்த பந்தைப் பிடித்தாலும் ஆறு புள்ளி.

சீடர் வைத்திலிங்கம் கல்லூரியில் கபடி மாஸ்டர். மங்கை மைதானத்தில் கற்றுக்கொடுக்க ஆரம்பித்த அன்று, கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுப் பையன்களோடு பையனாகத் தரையில் உட்கார்ந்தவர். அந்தப் பணிவைப் பார்த்துத்தான் மங்கை பையன்கள் அணியை அவரிடமே ஒப்படைத்துவிட்டுப் பெண்கள் அணிக்குப் போனார்.

அந்த ஆண்டு வைத்திலிங்கத்தின் அணி ஆடிய ஆட்டமெல்லாம் தோற்றது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அதிலும் தோற்றால் கோல் கம்பங்களைப் பிடுங்கிவிட்டு மைதானத்தைக் கிரிக்கெட்டுக்குக் கொடுத்துவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது.

அவர் மங்கையைத் தேடி வந்தபோது மங்கை மைதானத்து ஓரத்தில் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"கோச், ஒரு கேள்வி."

"கேளுங்க சார்."

"மைதானம் பூரா ஓடிப் போறோம். அவனுங்களால நம்மள நிறுத்தவே முடியல. கடைசி இருபது கெஜம் வந்ததும் செத்துப்போறோம். ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல, ஒவ்வொரு தடவையும். வெண்ணெய் திரளும்போதே தாழி ஒடையுது. ஏன்?"

"அந்த இருபது கெஜத்துக்குள்ள போனதும் யார உள்ள அனுப்புறீங்க?"

"நல்லா ஓடுற பசங்களா பாத்து அனுப்புறேன். தினகர் மாதிரி ஓடுறவன் இந்த ஜில்லாவுலயே இல்ல."

"யார வெளிய எடுக்குறீங்க?"

வைத்திலிங்கம் தயங்கினார். "மாசிலாமணிய."

மாசிலாமணி அந்த அணியின் டைட் எண்ட். முட்டி நிற்கும் வரிசையின் ஓரத்து ஆள். எதிரியை முட்டித் தடுக்கவும் வேண்டும், சமயத்தில் நழுவி ஓடிப் பந்தைப் பிடிக்கவும் வேண்டும்.

"ஏன் எடுத்தீங்க?"

"அவன் ரெண்டுங்கெட்டான் கோச். முட்டுறதுக்கு அவனவிடப் பெரிய ஆளு இருக்கான், ஓடுறதுக்கு அவனவிட வேகமான ஆளு இருக்கான். போன ஆட்டத்தோட, நீ வேணாம்ப்பா, ஜெர்சியக் கழட்டிக் குடுத்துட்டுப் போன்னு சொல்லிட்டேன்."

"தனியா கூப்பிட்டுச் சொன்னீங்களா?"

"எல்லாரும் நின்னாங்க."

மங்கை பந்தை அமுக்கிப் பார்த்தார். போதுமான காற்று ஏறியிருந்தது.

"நாளைக்குத் தேர். வாங்க, வடம் புடிக்கலாம்."

"ஞாயித்துக்கெழம ஆட்டம் கோச்! பசங்களுக்குப் பயிற்சி..."

"வடத்தோட நுனிக்கு வந்துருங்க. நடுவுல நிக்காதீங்க."

சொல்லிவிட்டு மங்கை அடுத்த பந்துக்குக் காற்றடிக்க ஆரம்பித்தார். கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்திலிங்கம் வீடு போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் செங்கரையே தெருவில் நின்றது. தேர் அசைந்த கணத்தில் ஊர் போட்ட சத்தத்தில் வைத்திலிங்கம் மங்கை, ஆட்டம், கம்பம் எல்லாவற்றையும் மறந்துபோனார். தேக்கும் இரும்புமாக ஒரு மலை நகர்ந்து வந்தது. சக்கரம் ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல். வடத்தின் நுனியில் நின்று இழுத்த அவருக்கு, அந்த மலையைத் தானே நகர்த்துகிற மாதிரி இருந்தது. ஊர் கூடி இழுக்கிற தேரில் ஒவ்வொருவருக்கும் அப்படித்தான் இருக்கும். அதில் தப்பில்லை.

தெற்கு வீதி அகலம். ஜனங்கள் ஓடினார்கள், தேரும் ஓடியது. மேற்கு வீதியிலும் அப்படியே.

"பாத்தீங்களா கோச், என்ன வேகம்!" என்று திரும்பிக் கத்தினார் வைத்திலிங்கம். பின்னால் வடம் பிடித்து வந்த மங்கை சிரித்தார்.

வடக்கு வீதியும் முடிந்து கிழக்கு வீதிக்குள் தேர் திரும்பியது. செங்கரைத் தேருக்கு ஒரு விசேஷம் உண்டு. அது வந்து நிற்கவேண்டிய நிலை, வீதி போய் முடிகிற இடத்தில் இருக்கிறது. அதற்கு அப்பால் குளத்தின் கைப்பிடிச் சுவர். இரண்டு பக்கமும் கடைகள்.

இழுத்துக்கொண்டே பின்வாங்கிய வைத்திலிங்கத்தின் முதுகில் எதுவோ இடித்தது. திரும்பிப் பார்த்தார். குளத்துச் சுவர்.

தேர் இன்னும் நிலைக்கு வரவில்லை.

"இழுங்க சார்!" என்றார் மங்கை.

"எங்க இழுக்கிறது? நிக்கவே எடமில்லையே!"

அவர் மட்டுமில்லை. அதுவரை வீதி வீதியாக ஓடிய வாலிபர்கள் அத்தனை பேரும் சுவரோடு சுவராக நசுங்கி நின்றார்கள். கையில் வடம் இருந்தது, காலில் வேகம் இருந்தது, ஓடத்தான் இடமில்லை. சிலர் அந்த நெருக்கடியிலும் ஆர்வம் தாங்காமல் பக்கவாட்டில் வெடுக்கென்று இழுத்தார்கள். தேர் ஒரு பக்கமாகத் திமிறி வளையல் கடையைப் பார்த்துத் திரும்பியது. பெண்கள் அலறினார்கள்.

"வடத்த விடு! யாரும் இழுக்காத!" என்று ஒரு குரல் கேட்டது. குரல் தேர்மேலிருந்து வரவில்லை, கீழே சக்கரத்தடியிலிருந்து வந்தது.

அப்போதுதான் வைத்திலிங்கம் அந்த ஆளைப் பார்த்தார். காலையிலிருந்து சக்கரத்தோடு சக்கரமாக வந்துகொண்டிருந்தவன்தான். கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். கையில் ஒரு முட்டுக்கட்டை. முதுகைப் பார்த்ததும் மாசிலாமணியோ என்று அவருக்கு நெஞ்சு திக்கென்றது. இல்லை, வேறு யாரோ.

அந்த ஆள் நகரும் சக்கரத்துக்கு முன்னால் குனிந்தான். கட்டையைச் செருகிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். சக்கரம் கட்டையில் ஏறப் பார்த்தது, முடியவில்லை, நின்றது. அந்தப் பக்கம் நிற்க, மறுபக்கத்துச் சக்கரம் மட்டும் மெல்லச் சுற்றி வந்தது. கடையைப் பார்த்துக்கொண்டிருந்த தேர் முகத்தைத் திருப்பி நிலையைப் பார்த்தது.

கட்டையை உருவினான். தேருக்குப் பின்னால் நின்றவர்கள் சக்கரத்தைக் கொஞ்சம் நெம்பினார்கள். மறுபடி செருகினான். நிறுத்தியதும் அதே கட்டைதான், திருப்பியதும் அதே கட்டைதான். ஊரே இழுத்து வந்த மலை, அந்த ஆள் சொன்ன இடத்துக்கு, பசுமாடு கொட்டிலுக்குள் போகிற மாதிரி நிதானமாகப் போய் நின்றது.

வைத்திலிங்கத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருஷம் இதே ஊரில் இருந்துகொண்டு இதைப் பார்க்காமல் போனோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

சுற்றிலும் எல்லாரும் தேரின் உச்சியை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார்கள். அவர் மட்டும் சக்கரத்தடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஆள் அதற்குள் கூட்டத்தில் கரைந்துபோயிருந்தான். கட்டை மட்டும் சக்கரத்துக்கு அடியிலேயே கிடந்தது.

"கோச்..." என்று ஆரம்பித்தார்.

"பானகம் குடுக்குறாங்க, வாங்க குடிக்கலாம்" என்றார் மங்கை.

அன்று சாயங்காலமே வைத்திலிங்கம் மாசிலாமணியின் வீட்டுக்குப் போனார். அவன் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். எழுந்து நின்றான், ஆனால் உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

"ஞாயித்துக்கெழம வந்துருப்பா."

"ரெண்டுங்கெட்டானுக்கு அங்க என்ன சார் வேல?"

சுரீரென்று தைத்தது. தைக்கட்டும் என்று நின்றார். கபடி மாஸ்டர்களுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் குறைவு. பையிலிருந்து ஜெர்சியை எடுத்தார். துவைத்து இஸ்திரி போட்டிருந்தது.

"எல்லார் முன்னாடியும் வாங்கினேன். எல்லார் முன்னாடியும் குடுக்கணும்னுதான் நெனச்சேன். ஞாயித்துக்கெழம வரைக்கும் என்னால தாங்க முடியாது. வாங்கிக்க."

மாசிலாமணி கையில் ஒட்டியிருந்த பசையைத் தன் கைலியில் துடைத்தான். நன்றாகத் துடைத்துவிட்டு ஜெர்சியை வாங்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் எதிரணி எட்டுப் புள்ளி முன்னால் இருந்தது. வழக்கம்போல் செங்கரைப் பையன்கள் மைதானம் முழுக்க ஓடி, வழக்கம்போல் கடைசி இருபது கெஜத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். மாசிலாமணியை வெளியே கூப்பிட வைத்திலிங்கத்தின் கை பழக்கத்தில் மேலே போனது. பாதியில் நிறுத்தி, அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டார். ஓரத்தில் நின்ற மங்கை அதைப் பார்த்தும் பார்க்காதமாதிரி இருந்தார்.

முதல் தடவை மாசிலாமணி முட்டினான். இரண்டாம் தடவையும் முட்டினான். மூன்றாம் தடவை முட்டிக் குப்புற விழுந்தான். விழுந்தவனை எவன் பார்ப்பான்? எதிரணி முழுவதும் தினகரைத் துரத்திக்கொண்டு ஓடியது. மாசிலாமணி மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, நாலு எட்டு நடந்து, கோட்டுக்கு அப்பால் போய்த் திரும்பி நின்றான். பந்து அவன் நெஞ்சுக்கு வந்தது. குழந்தையை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டான்.

ஆறு புள்ளி. இன்னும் இரண்டு குறைவு.

நேரம் முடியப்போகிற தறுவாயில் மறுபடி அதே இடத்துக்கு வந்தார்கள். கோட்டுக்கு ஐந்து கெஜம்தான் பாக்கி. ஒரே ஒரு வாய்ப்பு. வைத்திலிங்கம் கோல் கம்பங்களைப் பார்த்தார். நாளைக்கு இவை இருக்குமா, இருக்காதா?

பந்து நகர்ந்தது. மாசிலாமணி முட்டவில்லை. ஓடவும் இல்லை. ஓரமாக ஒரே ஒரு எட்டு எடுத்துவைத்து நின்றான்.

முட்டுவானோ, பிடிப்பானோ? எதிரணியில் இரண்டு பேர் அவனை விட்டு நகரப் பயந்து அவனோடு போனார்கள். அவர்கள் நின்ற இடம் காலியானது. அது வரைக்கும் சுவராக இருந்த இடத்தில் ஒரு வாசல் திறந்தது. தினகர் பந்தோடு அதற்குள் நடந்து போனான். ஆமாம், நடந்துதான். ஜில்லாவிலேயே வேகமாக ஓடுகிறவன், யாரும் தொடாமல், சொந்த வீட்டுக்குள் போகிறமாதிரி நடந்து போனான்.

பையன்கள் தினகரைத் தோளில் தூக்கினார்கள். மைதானம் அதிர்ந்தது. கல்லூரி முதல்வரே இறங்கி வந்து தினகருக்குக் கை கொடுத்தார்.

வைத்திலிங்கத்துக்குத் தேரடியில் எழுந்த அதே புல்லரிப்பு அடங்கவே இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு மங்கையிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"கோச், முன்னாடி முட்டினான், புரிஞ்சுது. பந்தப் புடிச்சான், அதுவும் புரிஞ்சுது. கடைசியில முட்டவும் இல்ல, பந்தத் தொடவும் இல்ல. சும்மா நின்னான். அவன் என்னதான் பண்ணினான்?"

மங்கை பந்தை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"அன்னைக்குத் தேரடியில எல்லாரும் மேல பாத்தாங்க. நீங்க எங்க சார் பாத்தீங்க?"

"சக்கரத்தடியில."

"தேர் நின்னப்புறமும் கட்டை அங்கேயே கெடந்துச்சா?"

"கெடந்துச்சு."

"அப்ப அது என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சு?"

வைத்திலிங்கம் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார். கோட்டுக்குப் பக்கத்தில், கடைசியாக எட்டு வைத்த அதே இடத்தில், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாசிலாமணி இன்னும் நின்றுகொண்டிருந்தான்.