சொன்னவரே பேச வேண்டும்

"அம்மா, திருடனுக்காக என்னால பேச முடியாது" என்றார் செண்பகராமன்.

உலகம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"திருடனுக்காக யாரு பேசச் சொன்னா? மாசிலாமணிக்காகத்தான் பேசச் சொன்னேன்."

*

ஆட்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செண்பகராமன் முப்பத்திரண்டு வருடம் போலீசில் இருந்து, இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே மன அமைதி தேடிச் சாரல்குளம் மடத்தில் சீடராகச் சேர்ந்தார். மன அமைதி வந்ததோ இல்லையோ, மடத்தில் யார் எத்தனை மணிக்கு எழுந்தார், யார் மூன்றாம் தடவை ரசம் வாங்கினார் என்பதெல்லாம் எட்டே மாதத்தில் அவருக்கு அத்துப்படி.

உலகம்மை அந்த மடத்தின் குரு. சீடரைவிடப் பதினெட்டு வயது இளையவர். அதில் சீடருக்கும் கூச்சமில்லை, குருவுக்கும் கூச்சமில்லை.

மாசிலாமணி மடத்தின் சமையல்காரர். ஒரு காலத்தில் வீடு புகுந்து திருடியவர். இரண்டு முறை ஜெயிலுக்குப் போனவர். இரண்டு முறையும் பிடித்தது யார் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

*

மடத்தில் இரட்டை உருளி உண்டு. வெண்கலம். ஒவ்வொன்றையும் இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். குருபூஜையன்று ஊருக்கே சர்க்கரைப் பொங்கல் அதில்தான் பொங்கும்.

குருபூஜைக்கு முதல் நாள் காலை ஆறு மணிக்கு, அதில் ஒன்றைக் காணோம் என்று தெரிந்தது.

ஆறே கால் மணிக்குச் செண்பகராமன் திருடனைக் கண்டுபிடித்துவிட்டார்.

மாசிலாமணி மடத்தைவிட்டுப் போக வேண்டும் என்று பாதிப் பேர் சொன்னார்கள். மீதிப் பேர் தலையாட்டினார்கள். போனால் அவருக்கு ஒதுங்க வேறு இடம் கிடையாது. ஜெயிலிலிருந்து வந்தவருக்கு இந்த மாவட்டத்திலேயே இந்த ஒரு அடுப்படிதான் கதவு திறந்திருந்தது.

ஆனால் அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மேல் குற்றம் சொன்னால் சபை கூடும். குற்றம் சொன்னவரே, சொல்லப்பட்டவருக்காகப் பேச வேண்டும். ஒப்புக்குப் பேசக் கூடாது, மூச்சைப் பிடித்துப் பேச வேண்டும். பேசி முடிகிறவரை யாருக்கும் சாப்பாடு கிடையாது.

சேரும்போது இதை யாரும் செண்பகராமனிடம் சொல்லவில்லை. குற்றம் சொல்வதற்கா ஒருவர் மடத்துக்கு வருவார் என்று நினைத்திருப்பார்கள்.

*

"அவன் பழைய கேடிம்மா. நானே ரெண்டு தடவை பிடிச்சிருக்கேன்."

"இந்த உருளியைத் திருடினதுக்கா?"

"இல்ல, அது வேற கேசு."

"ம்."

கீரைக்காம்பு ஒன்று முறத்துக்கு வெளியே விழுந்தது.

"முகத்தைப் பாத்தாலே தெரியுதும்மா. நான் பாத்த உடனே தலையைக் குனிஞ்சுட்டான்."

"உங்க சர்வீஸ்ல உங்க முன்னாடி தலை குனியாம யாராவது நின்னிருக்காங்களா?"

செண்பகராமன் நேர்மையானவர். யோசித்துப் பார்த்தார்.

"ஒரே ஒரு எம்.எல்.ஏ. நின்னாரும்மா."

உலகம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"உச்சிக்குச் சபை, இன்ஸ்பெக்டர் ஐயா. அதுக்குள்ள மாசிலாமணிகிட்ட போய்க் கேட்டுட்டு வாங்க."

"என்ன கேக்கணும்?"

"உங்களுக்குத் தெரியாததை."

*

மாசிலாமணி அடுப்படியில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாடு தனக்கு உண்டா என்று தெரியாவிட்டாலும் மற்றவர்களுக்குக் கூட்டு வைக்க வேண்டுமே.

"ஏல, எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

பூசணிக்காய் ஒரு துண்டு விழுந்தது.

"யாருக்கு வித்த?"

இன்னொரு துண்டு.

"கூட வந்தவன் யாரு?"

"கேளுங்க ஐயா" என்றார் மாசிலாமணி.

"கேட்டுக்கிட்டுத்தானல இருக்கேன்!"

"இல்ல ஐயா, சொல்லிக்கிட்டு இருக்கீங்க. ஸ்டேஷன்லயும் இப்படித்தான். பதிலையெல்லாம் நீங்களே எழுதி வச்சிருந்தீங்க. என் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு."

செண்பகராமனுக்குச் சுருக்கென்றது. கோபத்தோடு வெளியே போனார். மடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். திரும்பி வந்து, "அப்போ நீ உருளியை..." என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

மறுபடி ஒரு நடை.

இந்தத் தடவை, "உண்மையைச் சொல்லிட்டா..." என்று தொடங்கினார். அதுவும் சரியில்லை என்று அவருக்கே பட்டது. ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். நெற்றியில் வியர்வை. முப்பத்திரண்டு வருடத்தில் பதில் கையில் இல்லாமல் அவர் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. பாவம், எப்படிக் கேட்பது என்றே தெரியவில்லை.

அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. மாசிலாமணி அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் செண்பகராமன் ஒரு அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"காலையில என்ன நடந்துச்சு?"

மாசிலாமணி கத்தியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாலரைக்கு எந்திச்சேன் ஐயா. நேத்து உரிச்ச பலாப்பழத் தோலு, சடைநாரு எல்லாம் மூலையில கிடந்துச்சு. சாக்குல கட்டி, பின்வாசல் வழியா ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனேன். அங்க ஒரு மாடு கட்டிக் கிடக்கும். அதுக்குப் போட்டுட்டு வந்து அடுப்பு மூட்டினேன். உருளி இருந்துச்சா இல்லையான்னு நான் பாக்கலை."

"சாட்சி?"

"மாடுதான்."

"நான் இதை நம்பலை."

"நம்ப வேண்டாம் ஐயா. எனக்காகப் பேசுங்க, போதும்."

செண்பகராமன் எழுந்தார். வாசல்வரை போனவரை மாசிலாமணி கூப்பிட்டார்.

"ஐயா, சபையில நான் வாயைத் திறக்கணுமா? திறந்தா வம்புன்னே பழகிப்போச்சு."

"வேண்டாம்" என்றார் செண்பகராமன். சொன்ன பிறகு, இதைத் தான்தான் சொன்னோமா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

*

சபை கூடியது. அறுபது பேர். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே அறுபது வயிறும் பசித்திருந்தது.

சாட்சி ஒருவர்தான். காலையில் செண்பகராமன் விசாரித்திருந்த, பூப்பறிக்கும் வடிவாம்பாள். அந்த மடத்தில் வடிவாம்பாளோடு வாதாடி ஜெயித்தவர்கள் கிடையாது. குரு உள்பட.

செண்பகராமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"காலையில என்ன பாத்தீங்க?"

இந்த மாதிரிக் கேட்க வருகிறதே என்று அவருக்கு உள்ளூரப் பெருமை.

"மூட்டையோட ஒரு ஆளு பின்வாசல் வழியா ஓடைப் பக்கம் போனான்."

"முகத்தைப் பாத்தீங்களா?"

"நல்லா விடியலையே. மூட்டைதான் தெரிஞ்சுது."

"அப்போ அது மாசிலாமணின்னு எப்படிச் சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்?" வடிவாம்பாள் இடுப்பில் கை வைத்தார். "நீங்கதான சொன்னீங்க! 'மாசிலாமணிதான?'ன்னு கேட்டீங்க. போலீஸ்காரரே கேக்காரு, அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுதுன்னு ஆமான்னேன்."

கூடம் கொல்லென்று சிரித்தது.

செண்பகராமனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவருக்கு வந்தது உற்சாகம். ஒரு வழக்கு இப்படிப் பொத்தென்று விழுவதைப் பார்க்க இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அதுவும் சொந்த வழக்கு.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"சரி. அந்த ஆளு மாசிலாமணின்னே வச்சுக்குவோம். மூட்டையில உருளின்னே வச்சுக்குவோம். ஒரு சாக்கு கொண்டாங்க! மிச்சமிருக்க உருளியையும் கொண்டாங்க!"

இரண்டு பேர் மூச்சு வாங்க இன்னொரு உருளியைத் தூக்கி வந்து வைத்தார்கள். இருப்பதிலேயே பெரிய அரிசிச் சாக்கும் வந்தது.

செண்பகராமன் முட்டி போட்டு உட்கார்ந்து உருளியைச் சாக்குக்குள் நுழைத்தார். ஒரு காது உள்ளே போயிற்று. மறு காது போகவில்லை. கவிழ்த்துப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். சாக்கை உருளிக்குத் தொப்பி மாதிரி போட்டுப் பார்த்தார். "பிடிங்கய்யா" என்று நாலு பேரைக் கூப்பிட்டு இழுத்தார். சாக்கு பர்ரென்று கிழிந்து, இழுத்த வேகத்தில் இன்ஸ்பெக்டர் மல்லாந்து விழுந்தார்.

விழுந்தபடியே கையை உயர்த்தினார்.

"போகலை! எல்லாரும் பாத்துக்கோங்க, போகலை!"

சிரித்துச் சிரித்துச் சிலருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஓரமாக நின்ற மாசிலாமணியும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். காலையிலிருந்து அவர் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது.

வடிவாம்பாள் விடவில்லை.

"சாக்குல போகலைன்னா என்ன? உருட்டிக்கிட்டுப் போயிருக்கலாமே?"

"உருட்டினதைப் பாத்தீங்களா?"

"இல்லை."

"சத்தம் கேட்டீங்களா? பின்வாசல் முழுக்கக் கல்லு. வெண்கலம் உருண்டா ஊரே எந்திச்சிரும்."

"கேக்கலை."

"வேற யாராவது பாத்தீங்களா? கேட்டீங்களா?"

தலைகள் இல்லை என்று ஆடின.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "என்ன இருந்தாலும் அவரு பழைய திருடருதான?"

காலையில் குருவிடம் இதையே சொன்ன செண்பகராமன் சிலிர்த்துக்கொண்டு திரும்பினார்.

"ஆமா, திருடினாரு. அதுக்கு ஜெயில்ல இருந்துட்டும் வந்துட்டாரு. இப்போ உருளியைப் பத்திப் பேசும்!"

"அவரு வாயே திறக்கலையே. அதுலயே தெரியலையா?"

"நான்தான்யா அவரு வாய்!" என்று கத்தினார் செண்பகராமன். "என்ன வேணுமோ எங்கிட்ட கேளும்!"

அந்தக் குரலுக்கு உரியவர் முன்னால் இருந்தவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

உலகம்மை எழுந்தார்.

"மாசிலாமணி மடத்தை விட்டுப் போகணும்னு சொல்லுதவங்க கை தூக்குங்க."

ஒரே ஒரு கை பாதிவரை எழுந்தது. வடிவாம்பாளுடையது. எல்லாரும் திரும்பிப் பார்க்கவும், அந்தக் கை கொண்டையைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கிவிட்டது.

"இலை போடுங்க" என்றார் உலகம்மை.

*

உருளி கிடைத்ததா என்று கேட்பீர்கள். இந்தக் கதையை நான் எங்கே சொன்னாலும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

கிடைக்கவில்லை. யார் எடுத்தார், எப்படிக் கொண்டுபோனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்தால் சொல்ல மாட்டேனா?

மறுநாள் குருபூஜை நன்றாகவே நடந்தது. இருந்த ஒற்றை உருளியில் இரண்டு தடவை பொங்கினார்கள். இரண்டாவது தடவை அடி கொஞ்சம் பிடித்துவிட்டது. அந்தக் காந்தல்தான் வேண்டும் என்று வடிவாம்பாள் சண்டை போட்டு வாங்கிக்கொண்டார்.

செண்பகராமனுக்குக் காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் சாக்குக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பந்தி தொடங்கியதும் குருவைத் தேடி வந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க. இப்போ உங்களுக்குக் கேக்கத் தெரியுமே."

"அவரு எடுக்கலைன்னு உங்களுக்கு முதல்லயே தெரியும். அப்படித்தான?"

"எனக்கு இப்பவும் தெரியாது" என்றார் உலகம்மை.

தனக்கும் தெரியாது என்பது செண்பகராமனுக்கு அப்போதுதான் உறைத்தது.

பந்தியில் மாசிலாமணி பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்தார். போதும் என்று கையால் இலையை மறித்தவரின் விரல் இடுக்கு வழியாக இன்னொரு கரண்டி வைத்தார். எல்லாரும் சாப்பிட்ட பிறகு அடுப்படி மூலையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அவர் பழக்கம்.

செண்பகராமன் சிரிக்கத் தொடங்கினார். முதலில் மெதுவாக, பிறகு பந்தியே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேராக மாசிலாமணியிடம் போனார்.

"கரண்டியை இப்படிக் கொடும். நீரு இலையில உக்காரும், நான் பரிமாறுதேன்."