வாயிலின் உட்புறம்

ஆற்றங்கரைப் போரில் வென்று திரும்பிய மன்னன், தன் படை நுழைந்த கோட்டைவாயிலில் வெற்றி வளைவொன்று எழுப்ப ஆணையிட்டான். ஊருக்கு வருவோர் காணும் வெளிமுகம் யானையும் முரசும் வெண்கொற்றக் குடையுமாக நிறைந்தது. ஊருக்குள் இருப்போர் காணும் உள்முகத்தைப் பற்றி மன்னன் கவலைப்படவில்லை. "அங்கே உங்கள் விருப்பம்" என்று சிற்பிகளிடம் விட்டுவிட்டான்.

அந்தச் சொல்லைத்தான் இளம்பூதன் பற்றிக்கொண்டான். தலை நரைத்த சிற்பி. அந்தப் போருக்குப் போன அவன் தம்பி மீளவில்லை. வீழ்ந்த இடமும் தெரியாததால் நடுகல்லும் இல்லை. பேச்சுத் துணையற்ற வீட்டிலிருந்து விடியுமுன் கிளம்பி வந்து, உள்முகக் கல்லில் வேலூன்றி வீடு நோக்கி நிற்கும் வீரன் ஒருவனைச் செதுக்கினான். தம்பியின் முகமே வந்தது. இனிக் கண் திறப்பது ஒன்றே பாக்கி. அதற்கு ஆசானின் உத்தரவு வேண்டும்.

ஆசான் வந்தார். முதலில் வெளிமுகத்தைப் பார்த்தார்.

"யானை ஏன் சிரிக்கிறது?"

"மன்னர் அப்படித்தான் வேண்டுமென்றார், ஐயனே."

"நல்லது. அதுவாவது சிரிக்கட்டும்."

உள்முகத்துக்கு வந்தார்கள். போருக்குப் போன மகனை எதிர்பார்த்து அந்திதோறும் வாயிலில் நிற்கும் முதியவள் ஒருத்தி அங்கே இருந்தாள். புதிய வீரனைக் கண்டதும் கோலைப் போட்டுவிட்டு விரைந்தாள். கல்முகத்தைத் தடவினாள். மூக்கருகே விரல் நின்றது.

"என் பிள்ளைக்கு மூக்கு இத்தனை கூர் இல்லையப்பா. யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும்."

கோலை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

இளம்பூதன் பொன்னுளியை இரு கைகளாலும் நீட்டினான்.

"கண் திறக்க உத்தரவு தாருங்கள், ஐயனே."

ஆசான் உளியைத் தொடவில்லை. கீழே கிடந்த தேய்ப்புக் கல்லை எடுத்து, நீரில் நனைத்து, அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"முகத்தைத் தேய்."

"ஐயனே! இதையும் அழித்தால் அவனுக்கு இவ்வுலகில் வேறு இடமில்லை. நாளடைவில் எனக்கே அவன் முகம் மறந்துபோகும்."

ஆசான் முதியவள் போன தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முகம் இருக்கும்வரை இந்தக் கல்லில் ஒருவனுக்குத்தான் இடம். தேய்த்துவிட்டு அவளைக் கூப்பிடு."