சொல்லிவிட்டுக் கொன்றவன்

“டீச்சர், எல்லாச் சோதனையும் பாஸ் ஆயிருச்சு. ஆனாலும் பயமா இருக்கு,” என்றான் தாயுமானவன்.

செலின் டீச்சர் தலை நிமிரவில்லை. ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்தவர் இல்லை. திருச்சியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனிக்குத் தலைமைப் பொறியாளர். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல் இன்னொரு கேள்வியைக் கேட்டு ஆளைத் தவிக்க விடுவார் என்பதால் ஆபீஸே அவரை டீச்சர் ஆக்கியிருந்தது. தாயுமானவனைவிட வயதில் நன்றாகவே இளையவர். ஆரம்பத்தில் அதில் அவனுக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. அவர் முன்னால் நாலைந்து தடவை முழி பிதுங்கி நின்ற பிறகு அது போய்விட்டது.

“நாளைக்குக் காலையில இது ஊருக்குப் போகுது டீச்சர்.”

“தெரியும்.”

அணையில் ஷட்டரைத் தூக்கினால் அந்தச் செய்தி ஆற்றங்கரை ஊர்களுக்கெல்லாம் ஓட வேண்டும். ஊர்க் கம்பத்தில் இருக்கும் சைரன் அலற வேண்டும். நடுவில் நின்று செய்தியை வாங்கிக் கடத்திவிடுவது தாயுமானவன் கட்டிய ஏற்பாடு. மூன்று மெஷின்கள் சேர்ந்த ஒரு கிளஸ்டர். மெஷினுக்கு ஒன்றாக, செய்தியை வாங்கி அனுப்பும் புரோகிராம் ஓடுகிற மூன்று கன்டெய்னர். ஒன்றுக்கு வந்த செய்தியை மற்ற இரண்டும் நகல் எடுத்துக்கொள்ளும். ஒன்று செத்தாலும் இரண்டு மிஞ்சும். செத்ததையும் கிளஸ்டரே மறுபடி எழுப்பி உட்கார வைத்துவிடும்.

நாளை முதல் அணையிலிருந்து யாரும் யாருக்கும் போன் பண்ண மாட்டார்கள். எல்லாம் இதை நம்பித்தான்.

ஆற்றோரத்தில் கடைசி ஊர் கீழத்துறை. கீழத்துறையில் கடைசி வீடு அவனுடைய அக்கா வீடு.

“எதுக்குப் பயம்?” என்றார் டீச்சர்.

“அது தெரிஞ்சா சரி பண்ணியிருப்பேனே.”

“சோதனையில எப்படிக் கொன்னீங்க?”

இந்தக் கேள்விக்கு அவன் தயாராகவே இருந்தான். “ஒவ்வொண்ணா கொன்னேன் டீச்சர். நிறுத்துன்னு உத்தரவு கொடுப்பேன். அது கையில இருக்கிறதைப் பக்கத்து ரெண்டுக்கும் ஒப்படைச்சுட்டு, எல்லாத்தையும் முடிச்சுட்டு, தானா மூடிக்கும். அப்புறம் செய்தியெல்லாம் வந்து சேர்ந்துச்சான்னு பார்ப்பேன். ஒண்ணுகூட தவறினதில்ல.”

“சொல்லிட்டுத்தான் கொன்னீங்க.”

“ஆமா.”

அவன் அப்படிப்பட்ட ஆள்தான். அக்கா வீட்டுக்குப் போவதானாலும் முதல் நாளே போன் பண்ணி, வரட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவான்.

டீச்சர் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

“உங்க அக்கா வீட்டுக்காரர் போனாரே, அன்னிக்கு என்ன நடந்துச்சு?”

தாயுமானவனுக்குச் சுருக்கென்றது. ஆபீஸில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் யாரும் வாய் திறந்து கேட்டதில்லை.

“அணையில ஷட்டரைத் தூக்கினாங்க. எங்க ஊர்த் தலையாரிக்குப் போன் பண்ணிச் சொன்னாங்க. அவரும், ‘சரிங்க, ஊர்ல சொல்லிடறேன்’னு சொன்னார். நல்ல மனுஷன் டீச்சர். போனை வெச்சுட்டு உடனே கிளம்பியிருக்கார். வாசல்ல செருப்பை மாட்டும்போதே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டார்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. ஊருக்கு யாரும் சொல்லல. அணையில, சொல்லியாச்சுன்னு அவங்க பாட்டுக்கு நிம்மதியா இருந்தாங்க. மாமா மாட்டை ஓட்டிக்கிட்டு ஆத்துக்குள்ள போயிருந்தார்.”

“யார் மேல தப்பு?”

“யார் மேலயும் இல்ல. அதான் தாங்க முடியல.”

டீச்சர் தலையாட்டினார். பிறகு, ஏதோ மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார்.

“இன்னிக்கு ஒரு தடவை நான் கொல்லுவேன். எதைன்னு சொல்ல மாட்டேன். எப்பன்னும் சொல்ல மாட்டேன்.”

“டீச்சர்…”

“போய் டீ குடிச்சுட்டு வாங்க.”

டீக்கடையில் கிளாஸ் ஆறிப்போய் ஆடை கட்டியது. அவன் குடிக்கவில்லை. ஒரு கெட்ட செய்தி வரப்போகிறது, ஆனால் எந்தப் பக்கமிருந்து என்று தெரியவில்லை என்கிற மாதிரி ஆபீஸ் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பினான்.

திரையில் மூன்றும் பச்சையாக இருந்தன.

ஒத்திகைச் செய்திகள் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தன. அவன் மேஜை மேல் ஒரு சிவப்புச் சைரன் பெட்டி. ஊர்க் கம்பத்தில் இருப்பதன் சோதனைப் பிரதி. அதன் சத்தத்தை அணைத்து வைத்திருந்தார்கள். மாடியில் பல் டாக்டர் இருக்கிறார். போன வாரம் அது அலறியபோது, பாதி பல்லோடு ஒருவர் படியிறங்கி ஓடிவிட்டார்.

டீச்சர் எழுந்தார். தாயுமானவன் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தான்.

அவர் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்தார். அவன் மேஜையை ஒட்டி மெஷின்கள் இருந்த அலமாரிப் பக்கம் போய் நின்று, தலைமுடியை அவிழ்த்துக் கட்டினார். திரும்பி வந்தார்.

பச்சை. பச்சை. பச்சை.

இதுவரை அவன் அந்தத் திரையைப் பார்த்ததெல்லாம் முடிவைத் தெரிந்துகொள்ளத்தான். வந்ததா, வந்தது. இப்போது அப்படிப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு செய்தியும் கிளம்பும்போது, இப்பச் செத்தா, என்று மனசு கேட்டது. இந்த நொடியில் செத்தால் இந்தச் செய்தி எங்கே இருக்கும்? யார் கையில்?

கேள்வி விடவில்லை. சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து ஒரே ஒரு செய்தியைப் பிடித்து அதன் பின்னாலேயே போனான்.

அணையிலிருந்து கிளம்புகிறது. மூன்றில் ஏதோ ஒரு கன்டெய்னர் வாங்குகிறது. ‘வாங்கிக்கொண்டேன்’ என்று அணைக்குப் பதில் சொல்கிறது. அதற்குப் பிறகு மற்ற இரண்டும் நகல் எடுக்கின்றன.

அதற்குப் பிறகு.

அவன் வைத்த வரிசைதான் அது. பதிலை முதலில் சொல்லிவிட்டால் எல்லாம் வேகமாக நடக்கும். செய்து காட்டிய அன்று அணை அதிகாரிகள் அந்த வேகத்துக்குத்தான் கை தட்டினார்கள். அவனுக்கும் பெருமையாக இருந்தது.

பதிலுக்கும் நகலுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை.

செருப்பை மாட்டும் நேரம்.

தாயுமானவன் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். அவன் ஊருக்காகக் கட்டியது அதே போனைத்தான். அதே தலையாரியைத்தான் மறுபடி உட்கார வைத்திருக்கிறான். சோதனை என்ற பெயரில் அவரிடம், ‘ஐயா, இப்ப விழப்போறீங்க, அதுக்குள்ள ஊர்ல சொல்லிடுங்க’ என்று ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே சொல்லியிருக்கிறான். அப்புறம் எப்படித் தவறும்.

வரிசையை மாற்றினான். மற்ற இரண்டில் ஒன்றாவது எழுதிக்கொண்ட பிறகுதான் ‘வாங்கிக்கொண்டேன்’ என்று சொல்ல வேண்டும். அதுவரை பதில் கிடையாது. பதில் வராவிட்டால் அணை அடுத்தடுத்த மெஷினுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பட்டும். வேகம் குறையும். குறையட்டும். எழுதியதை அழித்து அழித்து எழுத வேண்டியிருந்தது. மூன்று கன்டெய்னரிலும் புதிதாக ஏற்றிவிட்டு டீச்சர் முன்னால் போய் நின்றான்.

“இப்பக் கொல்லுங்க டீச்சர்.”

“கொன்னாச்சே.”

“எப்ப?”

“நீங்க டீக்குப் போனப்ப. நடு மெஷின் வயரைப் பிடுங்கினேன். திரும்ப மாட்டினேன். நீங்க படியேறி வர்றதுக்குள்ள எழுந்து உட்கார்ந்துருச்சு.”

காலையிலிருந்து வரப்போகிறது, வரப்போகிறது என்று அவன் நடுங்கிக்கொண்டிருந்தது அவன் வரும் முன்பே வந்து போயிருந்தது.

ஓடிப்போய், அந்த நேரத்தில் அனுப்பியதையும் வந்து சேர்ந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். எல்லா ஊரும் இருந்தன. ஒன்றைத் தவிர.

அனுப்பிய பக்கத்தில் எழுதியிருந்தது: கீழத்துறை, ஷட்டர் திறப்பு, நடு மெஷின், வாங்கிக்கொண்டேன்.

வந்த பக்கத்தில் கீழத்துறை என்று ஒரு ஊரே இல்லை.

அந்த வெற்றிடத்துக்கு நேராக அவன் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தான். திரை பச்சையாகத்தான் இருந்தது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

“ஏன் டீச்சர் அப்பவே சொல்லல?”

டீச்சர் எழுந்து அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

“பயம் போயிருச்சா?”

“இல்ல. இப்பதான் அதிகமாயிருக்கு.”

“எதுக்குன்னு தெரியுதா?”

“தெரியுது.”

“சரி. மாத்தினதைச் சோதிக்கணும். நாளைக்குக் காலையில போறதா வேண்டாமான்னு அதுக்கப்புறம் பேசலாம். நான் மறுபடியும் ஒரு தடவை…”

அவர் சொல்லி முடிக்கவில்லை. தாயுமானவன் எழுந்துவிட்டான். சைரன் பெட்டியின் சத்தத்தைப் போட்டான். நடு மெஷின் வாங்கும்படி வைத்து, கீழத்துறை என்று அடித்தான். வலது கை செய்தியை அனுப்பியது. அதே மூச்சில் இடது கை நடு மெஷினின் வயரைப் பிடுங்கியது.

யாரிடமும் சொல்லவில்லை.

நடுவில் இருந்த பச்சை சிவப்பானது.

அனுப்பிய பக்கத்தில் பதில் இல்லை.

பெட்டி சும்மா இருந்தது.

மாடியில் பல் குடையும் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா இந்நேரம் படித்துறையில் குனிந்து துணி அலசிக்கொண்டிருப்பாள் என்று அவனுக்குத் தோன்றியது. முதுகை ஆற்றின் மேல்பக்கம் காட்டிக்கொண்டு. நிமிர்ந்து பார் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

இன்னும் பதில் இல்லை.

டீச்சரும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்திலும் இப்போது ரத்தம் இல்லை.

திரும்ப அனுப்பிய செய்திக்கு ‘வாங்கிக்கொண்டேன்’ என்று பதில் விழுந்தது. சைரன் அலறியது.

ஆபீஸ் மொத்தமும் எழுந்து நின்றது. மாடியில் ஏதோ தட்டு கீழே விழுந்து உருண்டது. படியில் தடதடவென்று யாரோ இறங்கி ஓடினார்கள்.

டீச்சர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். தாயுமானவன் பொத்திக்கொள்ளவில்லை.