கை தவறாத மந்தி

ஓடைக்கரை மரங்களில் ஒரு மந்திக் கூட்டம் இருந்தது. மந்திகள் மேலே தின்னும். மான்கள் கீழே மேயும். மந்தி தின்னும் லட்சணம்தான் உங்களுக்குத் தெரியுமே! ஒன்றைக் கடிக்கும், நாலைக் கீழே போடும். நான் சாப்பிட்டு எழுந்த இடத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

கீழே விழுந்த பழத்தையும் இலையையும் மான்கள் தின்னும். மான்களுக்கு மூக்கு கூர்மை. சிறுத்தையின் வாடை பட்டதும் "கூய்!" என்று குரல் கொடுக்கும். அதை நம்பித்தான் மந்திகள் மத்தியான வெயிலில் காலைத் தொங்கப்போட்டுத் தூங்கும். யாரும் உட்கார்ந்து பேசி வைத்த ஏற்பாடு இல்லை. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அப்படியே நடந்துவந்தது.

அந்தக் கூட்டத்தில் கரிமூஞ்சி என்று ஒரு மந்தி. அதற்குத் திடீரென்று தன் உடம்பின் மேல் அக்கறை வந்துவிட்டது. ஓடைத் தண்ணீரில் தன் உருவத்தைப் பார்த்து, "ஐயையோ! முகம்தான் அடுப்புக்கரின்னா விலாவும் விறகுக்கட்டு மாதிரி ஆயிடுச்சே!" என்று புலம்பியது.

"என்னடா குறைச்சல் உனக்கு?" என்றது கூட்டத்துக் கிழட்டு மந்தி.

"பாதி சாப்பாடு கீழே போகுது! இது கையா, சல்லடையா? இனிமேல் என் உடம்பை நான் கவனிச்சுக்கப் போறேன். தனக்கு மிஞ்சித்தான் தானம்!"

மறுநாளே கரிமூஞ்சி கூட்டத்தை விட்டுக் கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் தனியாக நின்ற ஒரு பெரிய அத்திமரத்தில் போய்க் குடியேறியது. பங்குக்கு ஆளில்லை. ஒவ்வொரு பழத்தையும் இரண்டு கையாலும் பிடித்துத் தின்றது. சிந்தியதை மடியில் ஏந்தி நக்கியது. ஓர் இலைகூடக் கீழே விழவில்லை.

அந்த மரத்தடியில் மேய்ந்துகொண்டிருந்த மான்கள் இரண்டொரு நாள் அண்ணாந்து பார்த்தன. பிறகு வேறு மரம் தேடிப் போய்விட்டன.

"போங்க, போங்க! காற்றாவது நல்லா வரும்!" என்றது கரிமூஞ்சி.

வயிறு நன்றாகவே நிறைந்தது. ஆனால் தூக்கம்தான் வரவில்லை. கண்ணை மூடினால் எங்கோ சருகு சரசரக்கும். எழுந்து பார்த்தால் அணில். மறுபடி மூடினால் 'தொப்'பென்று சத்தம். பார்த்தால் காய்ந்த குச்சி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே! ஒருநாள் பக்கத்தில் ஏதோ நீளமாகத் தொங்குவதைப் பார்த்து, "பாம்பு! பாம்பு!" என்று அலறிக் கீழ்க்கிளைக்குத் தாவியது. அதுவும் கூடவே வந்தது. பார்த்தால் சொந்த வால்!

"சபாஷ் கரிமூஞ்சி! உடம்பைக் கவனிக்க வந்து, உன் உடம்பைப் பார்த்து நீயே ஓடுறியே!" என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டது.

தூக்கம் இல்லாமல் தின்றது செரிக்கவில்லை. கண் சிவந்தது. கூட்டத்துக்குத் திரும்பலாம் என்றால் வெட்கம். கிழட்டு மந்தி சிரிக்குமே!

அந்த நேரம் செவ்வந்தி என்ற புள்ளிமான் தன் குட்டியோடு அத்திமரத்துக்குச் சற்றுத் தள்ளி ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போனது.

"தங்கச்சி! செவ்வந்தி! இந்தப் பக்கமே காணோமே உங்களை?" என்று கரிமூஞ்சி குழைந்தது.

"அங்க வந்து என்னண்ணே பண்றது? ஓர் இலைகூட விழறதில்லையே!"

கரிமூஞ்சிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "முன்னே மட்டும் உனக்காகவா போட்டேன்? கை தவறி விழுந்துச்சு!"

"கை தவறி விழுந்ததுக்கே இத்தனை வருஷம் காவல் காத்தோம் அண்ணே. இப்போ உங்க கை தவறவே மாட்டேங்குதே!" என்று சொல்லிவிட்டு மான் நடந்தது.

கரிமூஞ்சியின் கையில் அப்போது ஒரு பழம் இருந்தது. போட்டுவிடலாம் என்று மனசு சொன்னது. கை நேரே வாய்க்குத்தான் போனது! "மனசு சொல்றதைக் கேட்காத கையை வச்சுக்கிட்டு நான் எங்கே உருப்பட!" என்று மென்றுகொண்டே முனகியது.

இதையெல்லாம் புதருக்குள்ளிருந்து ஒரு சிறுத்தை பார்த்துக்கொண்டிருந்தது. "மான் இல்லாத மரம். கத்திக் கூப்பாடு போட ஆளில்லை. மேலே இருப்பதோ நன்றாகத் தின்று கொழுத்த மந்தி. நாமாகத் தேடியிருந்தாலும் இப்படி அமையாது!" என்று அது நாக்கைச் சப்புக்கொட்டியது.

வெயில் ஏறியது. எத்தனை நாள்தான் விழித்திருப்பது? கரிமூஞ்சி தன்னை மறந்து கிளையில் சாய்ந்தது. சிறுத்தை சத்தமில்லாமல் மரம் ஏறியது.

தண்ணீர் குடித்துத் திரும்பிய செவ்வந்தியின் மூக்கில் வாடை பட்டது. அண்ணாந்து பார்த்தது. குட்டி பக்கத்தில் இருந்தது. பேசாமல் போயிருந்தால் அவர்களுக்கு ஓர் ஆபத்தும் இல்லை. 'நமக்கென்ன!' என்று ஒரு நொடி நினைக்கவும் செய்தது. ஆனால் அந்தத் தாய்க்கு மனசு கேட்கவில்லை.

"கூய்! கூய்! அண்ணே, எழுந்திரிங்க!"

கரிமூஞ்சி துள்ளி எழுந்தது. ஒரே தாவலில் உச்சாணிக் கொம்புக்குப் போய்விட்டது. அந்த மெல்லிய கொம்பு சிறுத்தையைத் தாங்காது. உயிர் தப்பியது!

சிறுத்தைக்குக் கோபம் தலைக்கேறியது. "வாயைத் திறந்தவளை விட மாட்டேன்!" என்று கீழே குதித்தது. செவ்வந்தி ஓடியது. குட்டியால் தாயோடு ஓட முடியவில்லை. அது புல்லுக்குள் பதுங்கிவிட்டது. சிறுத்தை தாயை விட்டுவிட்டுப் புல்லை மோப்பம் பிடிக்கத் தொடங்கியது.

உச்சியிலிருந்த கரிமூஞ்சிக்குக் குட்டி தெரிந்தது. சிறுத்தையும் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே அதிக தூரமில்லை. தன் இடமோ பத்திரம். ஆனாலும் மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அடேய் பொட்டு வச்ச பூனையே! இங்கே பாரு!" என்று கத்திக்கொண்டே கீழ்க்கிளைக்கு இறங்கியது. பழத்தைப் பறித்து எறிந்தது. இலையைக் கொத்தாக ஒடித்து வீசியது. "இத்தனை நாள் தின்னு தின்னு உனக்காகத்தானே உடம்பை வளர்த்தேன்! ஏறி வா!"

சிறுத்தை திரும்பி மேலே பாய்ந்தது. நகம் பட்டுக் கரிமூஞ்சியின் தொடையில் கீறல் விழுந்தது. மந்தி வலியில் அலறிக்கொண்டு மேலே தாவியது. அந்த அலறலில் ஓடைக்கரைக் கூட்டமே விழித்து மரத்துக்கு மரம் கூச்சல் போட்டது. குட்டி அந்தச் சந்தடியில் தாயிடம் ஓடிவிட்டது. காடு முழுக்க விழித்துக்கொண்ட பிறகு என்ன வேட்டை! சிறுத்தை முறைத்துக்கொண்டே போய்விட்டது.

மான்கள் ஒவ்வொன்றாக அத்திமரத்தடிக்கு வந்தன. கீழே பழமும் இலையுமாக மெத்தை போட்டிருந்தது. மந்திகளும் வந்து பக்கத்துக் கிளைகளில் உட்கார்ந்தன.

"பலே ஆளுடா நீ! உடம்பு தேறிடுச்சா?" என்றது கிழட்டு மந்தி.

"தேறாம என்ன! பின்னங்கால்ல ஓட்டை. பாதி மரம் காலி. வயிறும் காலி. இவ்வளவு நல்லா நான் இருந்ததே இல்லை!" என்றது கரிமூஞ்சி. சொல்லி முடிக்கவில்லை, அப்படியே கிளையில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டது.

"அம்மா, அது என்ன சத்தம்?" என்று மிரண்டது குட்டி.

"பயப்படாதே. மாமா தூங்குறார். நாம முழிச்சிருக்கலாம்" என்றது செவ்வந்தி.

அடுத்தவர் நலனை உதறிவிட்டுத் தன் நலனை மட்டும் காப்பாற்றிக்கொள்ள இவ்வுலகில் யாராலும் முடியாது.