ஆஃப்டர் கை கொடுத்த நாள்

சொற்களுக்குக் கையும் காலும் இருந்த அந்தக் காலத்தில், எப்போதும் மழை தூறிக்கொண்டிருக்கும் ஒரு குளிர்த் தீவில், இங்கிலீஷ் சொற்களெல்லாம் ஒரே ஊராகக் குடியிருந்தன. அவை தமிழிலா பேசின என்று குறுக்கே கேட்காதீர்கள். நரியும் முதலையும் பேசியபோது பேசாமல் கேட்டீர்கள் அல்லவா, அந்த மரியாதையை இவர்களுக்கும் கொடுங்கள்.

ஒவ்வொரு சொல்லும் தன் பொருளைச் சின்ன மூட்டையாகக் கட்டி இடுப்பில் வைத்திருக்கும். தீவில் யாராவது பேச வாயெடுத்தால், அதற்குரிய சொல் ஓடிப்போய்க் கேட்பவரின் காதுக்குள் மூட்டையை அவிழ்த்துக் காட்டும். கேட்பவர் அதில் இருப்பதை அப்படியே செய்வார். அதற்கு மேல் ஒரு துளி செய்ய மாட்டார். உட்காரச் சொன்னால் சேற்றில்கூட உட்கார்ந்துவிடுவார்கள். அப்படியொரு ஜனங்கள்.

அந்த ஊரில் கிவ், டேக், புட், லுக் போன்றவர்கள் நல்ல உழைப்பாளிகள். நாள் முழுக்க ஓடுவார்கள். அப், ஆஃப், அவுட், ஆஃப்டர் போன்ற பொடியன்கள் திசை காட்டும் வேலைக்கு மட்டும்தான். மேலே, வெளியே, பின்னால் என்று கையை நீட்டிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். பந்தியில்கூட உழைப்பாளிகள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் இவர்களுக்கு இலை. ஓடுகிற சொல்லின் கையைத் தொடக் கூடாது. மூட்டையைத் தொலைத்தவனுக்கு ஊரில் இடமே கிடையாது. யார் போட்ட சட்டமோ தெரியாது, யாரும் மீறியதில்லை.

ஆஃப்டருக்குப் பின்னால் நடப்பதுதான் தொழில். எல்லோருக்கும் கடைசியில் வருவான். "வால் வந்தாச்சு, கதவச் சாத்துங்க" என்று அவுட் தினமும் கிண்டல் செய்வான். ஆஃப்டர் சிரித்துக்கொண்டு போய்விடுவான். ஆனால் லுக் எங்கே ஓடினாலும், என்ன ஆகிறது பார்ப்போம் என்று பத்தடி தள்ளிப் பின்னாலேயே போவது அவனுக்குப் பழக்கம்.

ஒரு நாள் காலை, எல்ஸி என்ற மீன்காரப் பெண் தன் கைக்குழந்தையை வாசல் புல்லில் விட்டுவிட்டு வலையை உதறிக்கொண்டிருந்தாள். அப்போது கரையிலிருந்து கூக்குரல் கேட்டது. அவள் புருஷனின் படகு பாறையில் மோதிக் கவிழ்ந்துவிட்டது. எல்ஸிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்து வீட்டு நோரா கண்ணில் பட்டாள்.

"நோராக்கா, என் புள்ளைய..." என்றாள். மேலே சொல்ல வார்த்தை வரவில்லை. வந்தவன் லுக் ஒருவன்தான். அவனை நோராவின் காதில் விட்டுவிட்டு எல்ஸி கரையை நோக்கி ஓடினாள்.

லுக் தன் மூட்டையை அவிழ்த்தான். அதில் இருந்ததோ பார்ப்பது மட்டும். நோராவும் பார்த்தாள். இடுப்பில் கை வைத்து, கண் கொட்டாமல், அக்கறையாகத்தான் பார்த்தாள். குழந்தை தவழ ஆரம்பித்தது. நோரா பார்த்தாள். வாத்துக் குளத்தின் சரிவை நோக்கித் தவழ்ந்தது. அதையும் பார்த்தாள்.

"ஐயோ, ஓடு தாயி! தூக்கு!" என்று லுக் காதுக்குள் நின்று கத்தினான். மூட்டையில் இல்லாததை அவன் எவ்வளவு கத்தினாலும் நோராவுக்கு எப்படிக் கேட்கும்?

அந்த வழியாக சூப்பர்வைஸ் வந்தார். மேற்பார்வை பார்ப்பதை மூட்டையில் வைத்திருந்த, கடல் தாண்டி வந்து அரண்மனையில் தங்கியிருந்த பெரிய சொல். பட்டு அங்கி, பளபளக்கும் செருப்பு.

"ஐயா, கொஞ்சம் உள்ள வாங்க! புள்ள குளத்துல விழப் போகுது!" என்று கெஞ்சினான் லுக்.

"எனக்கு முறைப்படி அழைப்பு வந்ததா?" என்று கேட்டுவிட்டு, சேறு படாமல் அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி அவர் போய்விட்டார். அவரைத் திட்டி என்ன ஆகப் போகிறது, விடுங்கள்.

பத்தடி தள்ளி நின்ற ஆஃப்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். மூட்டையைச் சுமந்து ஓடினால் நேரத்துக்கு எட்ட முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது. மூட்டையைப் போட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஒரு கணம் அதைத் தடவிப் பார்த்தான். பிறகு முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருந்ததை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு, துணியை வீசிவிட்டு ஓடினான். நோராவின் காதுக்குள் பாய்ந்து, யாரும் தொடாத லுக்கின் கையைப் பிடித்தான்.

"அண்ணே, விட்ராத!"

பிடித்த வேகத்தில் இருவர் கையிலும் இருந்தது கொட்டி, அரிசியும் பருப்பும் போல ஒன்றோடொன்று கலந்துபோனது. கலந்தபோது அதில் புதிதாக ஏதோ ஒன்று பிறந்தது. அது லுக்கின் மூட்டையிலும் இருந்ததில்லை, ஆஃப்டரின் மூட்டையிலும் இருந்ததில்லை.

நோரா ஓடினாள். குளத்து விளிம்பில் குழந்தையின் சட்டையைப் பிடித்து இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அத்தோடு நிற்கவும் இல்லை. முழங்காலில் இருந்த சேற்றைத் துடைத்தாள், பால் காய்ச்சிப் புகட்டினாள், தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைத்தாள். இதையெல்லாம் யாரும் அவளுக்குத் தனித்தனியாகச் சொல்லவில்லை.

மதியம் எல்ஸி நனைந்த புருஷனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். தூங்குகிற குழந்தையைப் பார்த்ததும் நோராவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்குச் சொல்லத் தெரியல, நீயாப் புரிஞ்சுக்கிட்டியே அக்கா!" என்றாள்.

சொற்களின் ஊரிலோ பஞ்சாயத்து கூடிவிட்டது. ஆஃப்டர் மூட்டையில்லாத வெறும் இடுப்போடு தலைகுனிந்து நின்றான். "சட்டம் சட்டம்தான், கிளம்பு" என்றார்கள். அவனும் கிளம்பினான்.

"நில்லு தம்பி," என்று லுக் எழுந்து வந்தான். "இத்தனை வருஷமா என் பின்னாலேயே வந்தான். ஒரு நாள் திரும்பி அவன் முகத்த நான் பார்த்ததில்ல. இன்னைக்கு ஒரு புள்ள உசுரோட இருக்குன்னா இவனாலதான். என் மூட்டையும் அங்கதான் கொட்டிக் கிடக்கு. இவன அனுப்பினா நானும் வெறுங்கையோட கூடவே போறேன்."

அவுட்தான் முதலில் வந்து ஆஃப்டரின் தோளில் கை போட்டான். அதைப் பார்த்து ஊரே இளகிவிட்டது. தனியாகப் போகும் நாட்களுக்கென்று ஆளுக்கொரு புது மூட்டை கட்டிக் கொடுத்தார்கள். கலந்து கிடந்ததை மட்டும் பிரிக்காமல் அள்ளி, இருவருக்கும் பொதுவாக ஒரே மூட்டையாகக் கட்டினார்கள். அன்றைய பந்தியில் லுக் தன் பக்கத்திலேயே ஆஃப்டருக்கு இலை போட்டான். கிவ் போய் அப்பை அழைத்து வந்து உட்காரவைத்தான், புட் போய் ஆஃபை அழைத்து வந்தான். பரிமாறினவர்களுக்குத்தான் கை வலித்தது.

அன்று கோத்த கைகள்தான் இன்றைக்கும் இங்கிலீஷ்காரர்களின் அன்றாடப் பேச்சில் சேர்ந்தே வருகின்றன. அகராதியில் தனித்தனியாகப் புரட்டினால் லுக் பார்ப்பான், ஆஃப்டர் பின்னால் நிற்பான், அவ்வளவுதான். இருவரும் 'லுக் ஆஃப்டர்' என்று சேர்ந்து, 'பார்த்துக்கொள்' என்ற பொருளோடு வரும்போதுதான் எங்கோ ஒரு தாய் தன் குழந்தையை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போகிறாள்.