சென்னியப்பன் தாண்டிப் போன வார்த்தை

கோயம்புத்தூர் காந்திபுரத்தில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் குரு ஒருவர் இருந்தார். தாடியும் கிடையாது, கமண்டலமும் கிடையாது. பெயர் ஃபர்சானா, வயது இருபத்தேழு. கம்ப்யூட்டர் நெட்வொர்க் பரீட்சைக்குப் பாடம் எடுப்பார்.

சீடர் சென்னியப்பனுக்கு வயது ஐம்பத்து மூன்று. என்ன செய்ய, சில இடத்தில் வயசு இப்படி மாறித்தான் விழுகிறது.

சென்னியப்பன் ஓர் என்ஜினியரிங் கல்லூரியில் ஒயர்மேன். அங்கே ஓடுகிற நெட்வொர்க் கேபிள் அத்தனையும் பதினான்கு வருஷமாக அவர் கையால் இழுத்தது. எந்தக் கேபிள் எந்தச் சுவருக்குள் எங்கே வளைகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் புதிதாக வந்த நிர்வாகம் காகிதம் கேட்டது.

"மாசக் கடைசிக்குள்ள சர்டிபிகேட் கொண்டாங்க. இல்லேன்னா ஹாஸ்டல் மோட்டார் ரூமுக்குப் போயிருங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

மோட்டார் ரூமில் உட்கார்ந்து, டேங்க் நிரம்பியதும் சுவிட்சை அணைக்க வேண்டும். அதுவும் வேலைதான். ஆனால் தன் கேபிளை இன்னொருவன் தொடுவதைத் தூர நின்று பார்க்க மனுஷனுக்கு மனசு வரவில்லை.

இரண்டு தடவை பரீட்சை எழுதினார். இரண்டு தடவையும் கோட்டை விட்டார். மூன்றாவது, கடைசி வாய்ப்பு, வருகிற வியாழக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு காலை மாடி ஏறி வந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கோணும். ஒளிக்காம சொல்லிப்போடுங்க."

"கேளுங்கண்ணா."

"என்ற மண்டைல இது ஏறுமுங்களா, ஏறாதுங்களா?"

ஃபர்சானா கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"பத்தாவதுல எங்க கணக்கு வாத்தியார் சொன்னாருங்க. 'சென்னியப்பா, உன்ற மண்டை வேலை செய்யலடா, போய்க் கைவேலை பழகு'ன்னு. கை நல்லா வேலை செய்யுதுங்க. மண்டைதான் சந்தேகமா இருக்கு."

"போன பரீட்சையில என்ன ஆச்சு?"

"ரூட்டர்ல எல்லாம் சரியாத்தான் போட்டனுங்க. பிங் பண்ணினா அஞ்சும் புள்ளி. என்னமோ தப்புப் பண்ணிப்போட்டம்னு எல்லாத்தையும் அழிச்சு, மொதல்ல இருந்து போட்டேன். மறுபடியும் புள்ளி. மறுபடியும் அழிச்சேன். நேரம் போயிருச்சுங்க."

"அதுக்கு முந்தின தடவை?"

"அப்பவும் இதேதானுங்க."

ரூட்டர் என்பது ஒரு நெட்வொர்க்குக்கும் இன்னொன்றுக்கும் நடுவே நின்று, வருவதை வாங்கிப் போக வேண்டிய இடத்துக்கு அனுப்புகிற பெட்டி. பிங் என்பது, 'ஏனுங்க, இருக்கீங்களா?' என்று எதிர்ப்பக்கத்தை ஐந்து தடவை கூப்பிட்டுப் பார்ப்பது. பதில் வந்தால் திரையில் ஆச்சரியக்குறி விழும். வராவிட்டால் புள்ளி.

ஃபர்சானா எழுந்து, பிரிக்காத அட்டைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"புது ரூட்டர். இதைப் பேச வைங்கண்ணா. போட்டதை மட்டும் அழிக்கக் கூடாது."

அவ்வளவுதான். அடுத்த அறைக்குப் பாடம் எடுக்கப் போய்விட்டார்.

சென்னியப்பன் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். பக்கத்துக் கம்ப்யூட்டரோடு கேபிளால் இணைத்து, ரூட்டருக்கு முகவரி எண் கொடுத்தார். அந்த முகவரி எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்று காட்டுகிற மாஸ்க் எண்ணும் கொடுத்தார். பிங் செய்தார். ஐந்து புள்ளி.

கை தானாக அழிக்கப் போனது. இழுத்துப் பிடித்துக்கொண்டார். கேபிளை மாற்றினார். அதுவும் போதாதென்று கேபிள் முனையில் புது பின் வைத்து இடுக்கியால் நசுக்கிப் பொருத்தினார். நம்பர் ஒவ்வொன்றையும் விரல் வைத்துச் சரிபார்த்தார். ஐந்து புள்ளி. மத்தியானம் ஆயிற்று, பசிக்கவில்லை. சின்னப் பெட்டி ஒன்று தன்னை இப்படி முறைக்கிறதே என்று கோபம்தான் வந்தது.

ஃபர்சானா திரும்பி வந்தார்.

"டீச்சர், இது செத்த பெட்டிங்க. கடைல திருப்பிக் குடுத்துப்போடுங்க."

"செத்துப்போச்சுன்னு யாரு சொன்னா?"

"அதுவேதானுங்க சொல்லுது. இந்தா பாருங்க, திரைல டவுன்னு போட்டிருக்குது."

"படிங்க."

"டவுன்."

"வரியைப் படிங்கண்ணா."

சென்னியப்பன் திரையைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார்.

"அதுக்கு முன்னால ஒரு பெரிய வார்த்தை இருக்குதுங்க. நான் படிச்சது தமிழ் மீடியம். அந்த மாதிரி நீளமா வந்தா தாண்டிப் போயிருவேன். எப்பவுமே அப்படித்தானுங்க."

சொல்லும்போது காது மடல் சிவந்துவிட்டது. பாவம், இந்த வயசில் இதை ஒருத்தரிடம் ஒப்புக்கொள்வது லேசுப்பட்ட காரியமா?

ஃபர்சானா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னிக்குத் தாண்ட வேண்டாம். மெதுவாப் படிங்க."

"அட்... மினிஸ்ட்... ரேடிவ்லி. அட்மினிஸ்ட்ரேடிவ்லி டவுன்."

"அப்படின்னா?"

"அட்மினிஸ்ட்ரேஷன்னா நிர்வாகம். அது எனக்கு நல்லாவே தெரியுமுங்க, அவிங்கதானே என்னை மோட்டார் ரூமுக்குத் தள்ளறாங்க. நிர்வாகம்... டவுன்..."

மறுபடியும் அந்த வரியில் விரலை வைத்தார்.

"டீச்சர், இது சாகலீங்க! மூடி வெச்சிருக்குதுங்க!"

"யாரு மூடினா?"

"யாரும் மூடலீங்க. ரூட்டர் கம்பெனில இருந்து வரும்போதே கேபிள் சொருகற வாசல் மூடித்தான் வருமுன்னு நோட்ஸ்ல படிச்சனே! எங்க காலேஜ்ல நான் தொடறதெல்லாம் நெட்வொர்க் சுவிட்ச், ஒரே நெட்வொர்க்குக்குள்ள கம்ப்யூட்டரைக் கோக்கற பெட்டி. அது வாசல் திறந்தே வருமுங்க. அந்த நெனப்புலயே இருந்துட்டேன்."

"திறக்கத் தெரியுமா?"

தெரியுமாவா! மார்க்குக்காக நூறு தடவை மனப்பாடம் செய்த கட்டளை. சென்னியப்பன் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். நோ ஷட்டவுன், அதாவது 'மூடி வைக்காதே'.

பச்சை விளக்கு எரிந்தது. பிங் செய்தார். ஒரு புள்ளி விழுந்தது. அப்புறம் வரிசையாக நான்கு ஆச்சரியக்குறி.

"பேசுது! டீச்சர், பேசுதுங்க!"

போட்ட சத்தத்தில் கீழே செருப்புக் கடைக்காரர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

"மொதல்ல ஒரு புள்ளி வந்துச்சே அண்ணா, அது தப்பில்லையா?" என்றார் ஃபர்சானா.

"அட, அது தப்பில்லீங்க. எதிர்ல இருக்கறது யாருன்னு விசாரிக்கற நேரம். மொதத் தடவை அப்படித்தான் ஒண்ணு போகும்."

"இதை எந்த நோட்ஸ்ல படிச்சீங்க?"

"நோட்ஸ்ல எங்கீங்க? பத்து வருஷமாப் பாத்துட்டுத்தானே இருக்கேன்."

ஃபர்சானா தலையை மட்டும் ஆட்டினார்.

மாடிப்படி வரை போன சென்னியப்பன் திரும்பினார். "நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லலீங்களே?"

"வியாழக்கிழமை முடிச்சிட்டு வாங்க."

வியாழக்கிழமை, பரீட்சை அறை. ஒரு கேள்வியை விட்டு நகர்ந்தால் திரும்பி வர முடியாது. பன்னிரண்டாவதாக ரூட்டர் கேள்வி வந்தது. சென்னியப்பன் எல்லாம் போட்டு முடித்துப் பிங் செய்தார்.

ஐந்து புள்ளி.

வலது கை அழிக்கப் பாய்ந்தது. அதைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். இடது கை விரலைத் திரையில் வைத்து, முதல் வார்த்தையிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு வரி. ஒவ்வொரு வார்த்தை. நீளமானது, குட்டையானது எதையும் தாண்டவில்லை. நாலாவது வரியில் அந்தப் பெரிய வார்த்தை நின்றுகொண்டிருந்தது.

"வாடா மாப்பிள்ளை" என்றார் வாய்க்குள். அவசரத்தில் திறக்க மறந்திருந்த வாசலை நோ ஷட்டவுன் தட்டித் திறந்து, மறுபடியும் பிங் செய்தார்.

ஒரு புள்ளி. நான்கு ஆச்சரியக்குறி. மணியைப் பார்த்தால் நேரம் தாராளமாக மிச்சம் இருந்தது.

எல்லாக் கேள்வியும் முடிந்ததும் திரையிலேயே முடிவு வந்தது. 'பாஸ்' என்ற வார்த்தைதான் முதலில் கண்ணில் பட்டது. மனுஷன் அதை நம்பவில்லை. தன் பெயரிலிருந்து ஆரம்பித்து, முற்றுப்புள்ளி வரை முழுக்கப் படித்தார். பாஸ்தான். பெயரும் சென்னியப்பன்தான். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அங்கே அச்சடித்துக் கொடுத்த காகிதத்தோடு நேரே கல்லூரிக்குப் போய், அதன் நகலை நிர்வாகத்தின் மேசைமேல் வைத்தார். அவருக்கென்று எடுத்து வைத்திருந்த மோட்டார் ரூம் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார்கள். சாயங்காலம் பஸ் பிடித்துக் காந்திபுரம் வந்து, இரண்டு மாடியையும் இரண்டிரண்டு படியாக ஏறினார்.

ஃபர்சானா அந்த ரூட்டரை மறுபடியும் அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"பாஸ் டீச்சர்! மண்டைல ஏறிருச்சுங்க!" மூச்சு வாங்கியது. "அந்தக் கணக்கு வாத்தியார் இப்ப எதுக்க வந்தா இந்தக் காகிதத்தை அவரு மூக்குக்கு நேரா நீட்டுவனுங்க. என்ற மண்டை வேலை செய்யலைன்னு எத்தனை பெரிய பொய் சொல்லிப்போட்டாரு. முப்பத்தெட்டு வருஷமா நம்பிட்டு இருந்துட்டேன்."

"பொய் இல்லீங்கண்ணா. வேலை செய்யலைங்கறதை அவரு சரியாத்தான் பாத்திருக்காரு."

சென்னியப்பனின் முகம் சுருங்கியது. "அப்புறம்?"

ஃபர்சானா பெட்டியின் மூடியை அழுத்தி ஒட்டினார்.

"அவரும் டவுன்ங்கற கடைசி வார்த்தையை மட்டும்தான் படிச்சாரு."