பொன்னுரங்கத்தின் குரல்

விக்டோரியா மகாராணி ஆண்ட காலம். கோவிந்தப்பா வாத்தியாரின் நாடகக் கம்பெனி மாயவரத்தில் கொட்டகை போட்டிருந்தது. முதலாளியும் அவர்தான், பாடம் சொல்லிக்கொடுப்பவரும் அவர்தான்.

கம்பெனிக்கு நாலு திக்கிலிருந்தும் கடிதம் வரும். காலைக் கஞ்சி ஆனதும் அதை எல்லோருக்கும் உரக்கப் படிக்க வேண்டும். படிப்பவன் சபாநடேசன். எழுதினவர் யாரோ அவர் குரலிலேயே படிப்பான். ஜமீன் காரியஸ்தர் எழுதினால் மூக்கால் பேசுவான். போட்டிக் கம்பெனிக்காரர் எழுதினால் வார்த்தைக்கு வார்த்தை செருமுவான். கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

அன்று முதலில் வந்தது கொட்டகைக்காரர் ராவுத்தர் கடிதம். சபாநடேசன் பொடி போட்ட மூக்கோடு ஆரம்பித்தான்.

"வாத்தியாரய்யா சமூகத்துக்கு. நாடிழந்த ராஜா ஆற்றங்கரையில் அழுகிறார், ஜனங்கள் சிரிக்கிறார்கள். இந்தச் சனிக்கிழமையும் சிரித்தால் ராஜாவை மாற்றுங்கள். இல்லையேல் கொட்டகையைப் பிரித்துவிடுவேன்."

அந்த ராஜா சபாநடேசன்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்த வேஷத்துக்காக அவன் எத்தனையோ வருஷம் சேடியாகவும் சேவகனாகவும் நின்றவன்.

"வாத்தியாரே, எந்தக் குரலும் எனக்கு வருது. நான் அழுதா மட்டும் ஏன் சிரிக்கிறாங்க?"

"இன்னொண்ணு இருக்கு பார். படி."

உறையைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. பொன்னுரங்கம் அண்ணன்! முந்தைய ராஜா. உடம்பு சரியில்லை என்று திருவாரூருக்குப் போனவர். அவர் வாயைத் திறந்தால் கீற்றுக்கொட்டகை அதிரும்.

சபாநடேசன் எழுந்து நின்றான். மார்பை நிமிர்த்தினான். குரல் இடியாக இறங்கியது.

"அன்புள்ள கோவிந்தப்பாவுக்கு! தொண்டையில் புற்று என்கிறார் டாக்டர்! தை மாதத்திலிருந்து பேச்சு இல்லை! கஞ்சியும் இறங்கவில்லை!"

"ஆகா, அண்ணனேதான்!" என்று மிருதங்கக்காரர் தொடையைத் தட்டினார். பின்பாட்டுக்காரன் சிரித்துப் புரண்டான்.

வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை.

"யார் குரல்டா அது?"

"அண்ணன் குரல். அச்சு அசல்."

"கடிதாசியில என்ன எழுதியிருக்கு?"

சபாநடேசன் கடிதத்தைப் பார்த்தான். அப்போதுதான் படித்தான். சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது.

"பேச்சு இல்லைன்னு எழுதியிருக்கார்."

"அப்ப நீ யார் குரல்ல படிச்சே?"

அவன் கடிதத்தை மடித்துக் கீழே வைத்தான். வாத்தியார் ஒரு காகிதத்தை எடுத்து ஏதோ எழுதி மடித்தார்.

"இதுக்குப் பதில். தபால்ல போட வேண்டாம். நீயே போய் அவனுக்குப் படிச்சுக் காட்டு. சனிக்கிழமை ஆட்டத்துக்கு வந்து சேர்."

திருவாரூரில் பொன்னுரங்கம் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். கழுத்தில் துணி சுற்றியிருந்தது. அந்த மார்பு எங்கே போயிற்று என்று சபாநடேசனுக்குத் தெரியவில்லை. தலைமாட்டில் ஒரு சிலேட்டு. வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சபாநடேசன் கடிதத்தைப் பிரித்தான். யார் குரலையும் எடுக்காமல் படித்தான்.

"பொன்னுரங்கம், உன் குரலை இவன் எடுத்து வைத்திருக்கிறான். கேட்டு வாங்கிக்கொள்."

பொன்னுரங்கம் அவனையே பார்த்தார். பிறகு சிலேட்டில் எழுதிக் காட்டினார். எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது.

"ஆற்றங்கரை."

"வேண்டாம் அண்ணே. நான் செஞ்சா சிரிப்பா இருக்கும்."

பெரியவர் சிலேட்டை இறக்கவில்லை.

சபாநடேசன் எழுந்தான். அதே இடிக்குரலைத்தான் எடுத்தான். "ஓடக்காரா, ஓடத்தை இந்தக் கரைக்குக் கொண்டுவா!" பொன்னுரங்கத்தின் உதடுகள் கூடவே அசைந்தன. அவன் மூச்சு வாங்கும் இடத்தில் அவரும் வாங்கினார். தொண்டைத் துணி மேலும் கீழும் ஏறி இறங்கியது. சத்தம் இவனிடம். வார்த்தை அவரிடம்.

"கூலி கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. நான் யார் என்று சொன்னால்..."

அவ்வளவுதான். அதற்குமேல் அவனுக்கு வரவில்லை. இடியும் வரவில்லை, எந்தக் குரலும் வரவில்லை. கட்டிலின் மேல் உதடுகள் மட்டும் பேசி முடித்தன.

வாசலில் யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மாயவரத்தில் வாத்தியார் ஓடக்காரன் வேஷத்துக்கு முகத்தில் மை தடவிக்கொண்டிருந்தார். சபாநடேசன் பின்னால் வந்து நின்றான். வெளியே ராவுத்தர் முன்வரிசையில் உட்கார்ந்தாயிற்று.

"வாத்தியாரே, ராஜா வேஷத்தை வேற யாருக்காவது கொடுத்துடுங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"அண்ணன் முன்னாடி என்னால சொல்லி முடிக்க முடியல. பாதியிலே நின்னுபோச்சு."

வாத்தியார் கண்ணாடியிலிருந்து திரும்பவில்லை.

"எந்த வரியில?"

"'நான் யார் என்று சொன்னால்.'"

வாத்தியார் மைக்கிண்ணத்தை மூடினார். துடுப்பை எடுத்துத் தோளில் சார்த்திக்கொண்டார்.

"இன்னைக்கு யார் குரலையும் எடுக்காம அந்த வரியிலேருந்து ஆரம்பி. நான் ஓடத்தோட அந்தப் பக்கம் நிக்கிறேன்."